கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்: ‘டைம் டு டாக்’ தொகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளோடு மூலிகைத் தூள், வைட்டமின் மாத்திரை, அக்குபங்சர், யோகப் பயிற்சி என்று வேறு ஏதேனும் ஒன்றையும் சேர்த்துப் பின்பற்றுபவர்கள் உலகெங்கும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்வதில்லை. இந்த மௌனத்தைக் கலைப்பதற்கென்றே, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழ் இயங்கும் ஆய்வு மையம் ஒன்று 2008ஆம் ஆண்டில் ‘டைம் டு டாக்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. அப்போது அம்மையத்தின் பெயரில் ‘மாற்று மருத்துவம்’ என்ற சொல் இருந்தது. 2014 டிசம்பரில் அது நீக்கப்பட்டு, ‘ஒருங்கிணைந்த சுகாதாரம்’ என்பது சேர்க்கப்பட்டது. நோயாளிக்கான குறிப்புத் தாள், மருந்து விவரங்களை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டை, மருத்துவருக்கான செய்திகள் ஆகியவை இத்தொகுப்பின் முக்கியப் பகுதிகள். அரசு நிறுவனம் வெளியிட்டதால் கட்டணம் எதுவும் இல்லை. நோயாளியின் இடத்தில் நின்று இதைப் படித்தபோது எது உதவியது, எது போதவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய தொகுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை இரண்டு ஆய்வுகள் தெளிவாக்குகின்றன. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பின் முடிவுகளை டேவிட் ஐசன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1993இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். அதன்படி, முந்தைய ஓராண்டில் மூவரில் ஒருவர் வழக்கமான மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பயன்படுத்தியிருந்தார். அவர்களில் பத்தில் ஏழு பேர் அதை மருத்துவரிடம் தெரிவிக்கவில்லை. அதே குழு 1997இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பயன்படுத்துவோரின் அளவு 42.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆனால் மருத்துவரின் காதுக்கு எட்டிய சிகிச்சைகளின் அளவு முன்போலவே 40 விழுக்காட்டுக்கும் கீழேயே இருந்தது. பயன்பாடு பெருகியும் பேச்சு பெருகவில்லை.

இந்த மௌனத்துக்கு, மருத்துவர் திட்டிவிடுவார், ஏளனம் செய்துவிடுவார் என்ற அச்சமே காரணம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். அந்த அச்சம் உண்மையில் இருக்கிறது. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இந்த மையம் முதியோர் நல அமைப்பான ஏஏஆர்பியுடன் சேர்ந்து 50 வயதைக் கடந்தவர்களிடம் கேட்டபோது முன்னால் வந்து நின்ற காரணங்கள் வேறு. ‘மருத்துவர் கேட்கவே இல்லை’ என்றார்கள் 42 விழுக்காட்டினர். ‘சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது’ என்றார்கள் 30 விழுக்காட்டினர். மருத்துவரோ, முக்கியமானது ஏதேனும் இருந்தால் நோயாளியே சொல்வார் என்று எண்ணிக்கொண்டிருப்பார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். இருந்தாலும் பேச்சு தொடங்குவதில்லை. தொகுப்பை உருவாக்கியவர்கள் இந்த முடிச்சைச் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதே அதன்மீது எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணம்.

நோயாளிக்கான தாளில் இருப்பவை நான்கே குறிப்புகள். முதல் குறிப்பு, மருத்துவமனையில் நிரப்பித் தரும் படிவத்தில் எல்லாச் சிகிச்சைகளையும் எழுத வேண்டும், அதற்கான பட்டியலை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டாவது, மருத்துவர் எழுதித் தந்த மருந்து, கடையில் நேரடியாக வாங்கிய மருந்து, மூலிகைப் பொருள், சத்து மாத்திரை ஆகிய அனைத்தையும் சொல்லச் சொல்கிறது. மூன்றாவது, பொறுப்பை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறது. நான்காவது, புதிய சிகிச்சை ஒன்றைத் தொடங்க எண்ணும்போது அதன் பாதுகாப்பு, பயன், பிற மருந்துகளோடு அது மோதும் வாய்ப்பு ஆகியவற்றைக் கேட்டறியுமாறு கூறுகிறது.

இவற்றில் மூன்றாவது குறிப்புக்காகவே இந்தத் தாளை எவருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். மருத்துவர் கேட்காததை நாமாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்து ஒதுங்குகிற மனிதருக்கு, குறிப்பாக வயது முதிர்ந்தவருக்கு, ஒரு சுகாதார நிறுவனமே ‘நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்’ என்று எழுத்தில் சொல்வது பெரிய அனுமதி. முதல் குறிப்பும் பயனுள்ளதே. ஆனால் பல படிவங்களில் ‘தற்போது உட்கொள்ளும் மருந்துகள்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கும் மூலிகைத் தூளை மருந்தென்று எண்ணாதவர், அந்த வரியில் அதை எழுதமாட்டார். எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதைத் தாள் சொன்னாலும், படிவத்தின் முன் அமரும் நேரத்தில் அது நினைவுக்கு வருவது கடினம். வீட்டிலேயே, மருந்துகள் இருக்கும் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, பட்டியலை எழுதி முடித்துவிட வேண்டும்.

தொகுப்பின் முதல் பெரிய குறை அதன் மென்மை. எல்லாவற்றையும் சொன்னால் சிகிச்சை ஒருங்கிணைந்ததாகவும் பாதுகாப்பானதாகவும் அமையும் என்று அது காரணம் கூறுகிறது. அது சரியான கூற்றுதான். ஆனால் ‘இயற்கையானது, கெடுதல் செய்யாது’ என்று உறுதியாக நம்பும் ஒருவரை அந்தப் பொதுவான சொற்கள் அசைக்காது. அவரை அசைக்கக்கூடிய உண்மைகள் பல இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்றையேனும் அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கலாம்.

மனச்சோர்வுக்காகப் பலர் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை எடுத்துக்கொள்வோம். கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் அளவை அது கூட்டிவிடுகிறது. அதனால், அதோடு சேர்த்து உட்கொள்ளும் வேறு மருந்துகள் வேலை செய்வதற்கு முன்பே உடலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. எச்ஐவி தொற்றுக்கான இண்டினாவிர் என்ற மருந்து உடலில் கிடைக்கும் அளவை இது பாதிக்கும் மேல் குறைத்துவிடுவதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதய மாற்று அறுவை செய்துகொண்ட இரு நோயாளிகளுக்கு, புதிய இதயத்தை உடல் ஏற்கும்படி செய்யும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இதனால் சரிந்து, உடல் அந்த இதயத்தையே எதிர்க்கத் தொடங்கிய நிகழ்வும் அதே ஆண்டில் ‘லான்செட்’ இதழில் பதிவாயிற்று. கருத்தடை மாத்திரையின் பயனையும், ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினின் பயனையும் இது குறைக்கும். மருந்தின் அளவைக் கூட்டுவதா, மருந்தையே மாற்றுவதா என்று மருத்துவர் குழம்பிக்கொண்டிருக்கும்போது, காரணமோ நோயாளியின் வீட்டில் ஒரு குப்பியில் இருக்கிறது.

இதன் மறுபக்கமும் முக்கியமானது. இதை இத்தகைய தாள்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. இந்த மூலிகையோடு சேர்த்தே வார்ஃபரினின் அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கும் நிலையில், நோயாளி அதைத் திடீரென நிறுத்திவிட்டால் நொதிகள் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்; வார்ஃபரின் உடலில் மிகுந்து ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டாகும். எனவே சொல்லாமல் தொடங்குவது மட்டுமின்றிச் சொல்லாமல் நிறுத்துவதும் தவறு. நான்கு குறிப்புகளும் ‘பயன்படுத்துவதை’யும் ‘தொடங்க எண்ணுவதை’யுமே பேசுகின்றன, ‘நிறுத்தியதையும் சொல்லுங்கள்’ என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் அத்தாள் முழுமைக்கு இன்னும் நெருங்கியிருக்கும்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது ஒருபுறம் இருக்க, பரிசோதனை முடிவையே திரித்துவிடும் பொருள்களும் உண்டு. முடி, நகம் ஆகியவற்றின் வளர்ச்சிக்காகப் பலர் உட்கொள்ளும் பயோட்டின், சில ஆய்வக முறைகளில் குறுக்கிட்டு தைராய்டு அளவுகளைத் தவறாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவை உண்மையைவிடக் குறைவாகவும் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தவறாகக் குறைந்து காட்டிய ட்ரோபோனின் முடிவைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டது. அழகுக்காக வாங்கிய ஒரு மாத்திரையை இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? அதனால்தான், எது தேவை, எது தேவையில்லை என்று நோயாளி தாமே சலித்தெடுக்காமல், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற இரண்டாவது குறிப்பு அவ்வளவு சரியானதாகிறது. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கொழுப்பைக் குறைக்கவென்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருக்கும் மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். லோவாஸ்டாட்டினைப் போன்ற கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தை ஏற்கெனவே உட்கொள்பவர் அறியாமலே கூடுதல் அளவு எடுத்துக்கொள்கிறார். இவ்விரண்டில் எதுவும் படிவத்தின் ஒற்றை வரியில் இடம்பெறுவதில்லை.

இனி அட்டைக்கு வருகிறேன். பணப்பையில் எப்போதும் இருக்கும் என்பது அதன் பலம். மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் ஒருவருக்காக அது பேசும். பணப்பையில் அடங்கும் அளவே அதன் பலவீனமும் ஆகும். பொருளின் பெயரை மட்டும் எழுதினால் மருத்துவருக்கு அது போதாது. குப்பியில் அச்சிட்டுள்ள முழுப் பெயர், ஒருவேளைக்கு எவ்வளவு, நாளுக்கு எத்தனை முறை, எப்போதிலிருந்து, எதற்காக, யார் சொல்லி என்ற இத்தனை விவரங்களும் வேண்டும். ‘எப்போதிலிருந்து’ என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு புதிய அறிகுறி தோன்றிய தேதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மருத்துவர் பல நேரங்களில் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். ஆகவே அட்டையைச் சுருக்கக் குறிப்பாக வைத்துக்கொண்டு, விரிவான பட்டியலைத் தனித் தாளில் எழுதிக்கொள்வதே நல்லது.

முடிந்தால் குப்பிகளையே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் இதைப் ‘பிரவுன் பேக்’ முறை என்று பெயரிட்டுச் சில மருத்துவர்கள் நோயாளிகளிடம் வலியுறுத்துகிறார்கள். இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே உணவுத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருவதற்கு முன் அவற்றின் பாதுகாப்பையும் பயனையும் அரசு ஆராய்ந்து ஒப்புதல் தருவதில்லை. லேபிளில் உள்ளதும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. உட்கொள்பவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. குப்பி மருத்துவரின் மேசைமேல் இருந்தால், தேவைப்படும்போது ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமாவது அவருக்குத் தோன்றும்.

நான் மிகவும் ஏமாற்றம் அடைந்த இடம், சொன்ன பிறகு வரும் அந்த ஒரு நிமிடம். ‘சொல்லுங்கள்’ என்று ஊக்குவிக்கும் தாள், மருத்துவர் முகம் சுளித்து ‘எல்லாவற்றையும் நிறுத்துங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. பல உரையாடல்கள் அங்கேதான் முறிகின்றன. ஒருமுறை முறிந்தால் அந்த நோயாளி அடுத்த மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை. அந்த நிமிடத்துக்கு முன்கூட்டியே தயாராகச் செல்வது நல்லது. ‘டாக்டர், இந்த மாத்திரைகளோடு மூன்று மாதமாக இதையும் எடுத்துக்கொள்கிறேன். மூட்டு வலி குறைந்ததாக எனக்குத் தோன்றுகிறது. என் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்று குப்பியைக் காட்டிக் கேட்கலாம். இதில் ஒப்புதல் கோரும் தொனியும் இல்லை, சவால் விடும் தொனியும் இல்லை. மருத்துவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. ‘நிறுத்துங்கள்’ என்று அவர் சொன்னால், ‘எந்த ஆபத்தைக் கருதிச் சொல்கிறீர்கள்? உடனே நிறுத்தலாமா, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா? வலிக்கு வேறு என்ன வழி இருக்கிறது?’ என்று தொடரலாம். ‘எனக்கு இதைப் பற்றித் தெரியாது’ என்று அவர் சொன்னால், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது நேர்மையான பதில். மருந்தாளுநரிடம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்கலாம். இதே மையம் வெளியிடும் மூலிகைத் தகவல் தாள்கள் ஒவ்வொரு மூலிகையைப் பற்றியும் அறியப்பட்டதையும் அதன் பாதுகாப்பையும் சுருக்கமாகக் கூறுகின்றன. அவற்றில் ஒன்றை அச்செடுத்துக் கையில் கொண்டுசெல்வதும் உதவும்.

மருத்துவர் உறுதியாக ‘வேண்டாம்’ என்பது சில நேரங்களில் நோயாளியைக் காக்கும் ஒரே சொல்லாகவும் இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கவென்று கொடுக்கப்பட்ட மூலிகைக் கலவை ஒன்றில் அரிஸ்டோலோக்கியா என்ற தாவரம் கலந்திருந்ததால் பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்ததை 1993இல் மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரே மாதிரியான சிறுநீரகச் செயலிழப்போடு வந்த பெண்கள் தாம் எடுத்துக்கொண்ட எடைக்குறைப்புச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதால்தான் காரணம் புலப்பட்டது. நோயாளியின் வாக்குமூலம் அவரை மட்டுமல்லாமல், அதே பொருளை உட்கொள்ளும் மற்றவர்களையும் காக்கக்கூடும்.

மருத்துவர்களுக்கான பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘நோயாளியிடம் கேளுங்கள்’ என்பது அதன் சாரம். நல்ல செய்திதான், ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் பயன் இருக்கிறது. ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘உடல்நலத்துக்காக வைட்டமின், மூலிகை, கஷாயம், தூள் ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா? வேறு மருத்துவமுறையில் யாரையாவது பார்க்கிறீர்களா? பலர் பார்க்கிறார்கள், அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறேன்’ என்று கேட்டால் பதில் மாறும். நேரம் குறைந்த மருத்துவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க அதிக நேரம் பிடிக்காது.

இத்தொகுப்பு யாருக்குப் பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சையோடு வேறொன்றையும் சேர்த்துக்கொள்பவருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சையையே கைவிட்டு வேறொன்றை மட்டும் நம்பிச் செல்ல எண்ணுபவரின் நிலை வேறு. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் ஆகிய உறுப்புகளில் பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு அதிகமாக இருந்ததை 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அந்த ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட முடிவின் விளிம்பில் நிற்பவருக்கு நான்கு குறிப்புகள் போதா. எதற்கு அஞ்சுகிறார், எந்தப் பக்கவிளைவைத் தாங்க முடியாது என்று நினைக்கிறார் என்பதை மருத்துவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். சிகிச்சையை மறுத்தாலும் மருத்துவரோடு உள்ள தொடர்பை விட்டுவிட வேண்டாம் என்றும், மனம் மாறினால் கதவு திறந்தே இருக்கும் என்றும் அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். ஒரு தனித் தாள் தேவைப்படும் அளவுக்கு இது பெரிய விஷயம்.

பேச்சு ஒரு திசையில் மட்டும் ஓடுவதும் குறையே. அக்குபங்சர் செய்பவரிடமும், முதுகெலும்பைத் திருகிச் சரிசெய்பவரிடமும், மூலிகை தருபவரிடமும் நமக்கு உள்ள நோய்களையும் நாம் உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர், எலும்பு மெலிவு, கர்ப்பம் ஆகிய இவை நான்கும் அவர்கள் அவசியம் அறிய வேண்டியவை. ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் முறை பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு ஆபத்தாகலாம். நான்கு குறிப்புகளில் இது வெளிப்படையாக இல்லை. ஆனால் அதே அட்டையை அவர்களிடமும் நீட்ட எந்தத் தடையும் இல்லை.

நாள்பட்ட நோய்க்குத் தினமும் மருந்து உட்கொள்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்ப்பவர், முதிய பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர் ஆகியோருக்கு இத்தொகுப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவருக்கு இது எல்லோரையும்விட அவசரமானது. பூண்டு மாத்திரை, ஜிங்கோ, ஜின்செங் ஆகியவை ரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும். வேறு சில மூலிகைகள் மயக்க மருந்தின் விளைவைக் கூட்டக்கூடும். இவற்றை அறுவைக்கு இரண்டு வாரங்கள் முன்பே நிறுத்துவது நல்லது என்பது மயக்கவியல் மருத்துவர்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. அறுவை நாளன்று காலையில் படுக்கையில் இருந்தபடி சொன்னால் அதைப் பின்பற்ற நேரம் இருக்காது. அதனால் தேதி குறிக்கும் அன்றே பட்டியலை அறுவை மருத்துவரிடம் கொடுத்து, மயக்க மருந்து தரும் மருத்துவரிடமும் ஒரு படி சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.